மாந்தோலுக்கு எது தோது: தண்ணீரா, ஸ்பிரிட்டா, கிளிசரினா?

ஜூன் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் எந்த மாங்கூழ் ஆலையின் பின்புறம் போய் நின்றாலும் இரண்டு குவியல் கண்ணில் படும். ஒன்று தோல், இன்னொன்று கொட்டை. உள்ளே போகும் பெங்களூரா பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்காவது இப்படி வெளியே வந்துவிடுகிறது. கொட்டையில் கொஞ்சம் நாற்றங்கால்களுக்குப் போகும், ஒட்டுக்கட்ட அவர்களுக்குக் கன்று வேண்டும். தோலில் கொஞ்சம் மாட்டுக்குப் போகும். மிச்சம் அங்கேயே கிடந்து புளித்து ஈ மொய்க்கும்.

இந்தத் தோலில் மாமரத்துக்கே உரிய மருந்துச் சரக்கான மாங்கிபெரின் இருக்கிறது, அதே வகையைச் சேர்ந்த பாலிபீனால்கள் இருக்கின்றன, ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் இருக்கிறது, எடுத்து விற்கலாமே என்ற பேச்சு உழவர் உற்பத்தியாளர் நிறுவனக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. கூடவே 'பசுமைக் கரைப்பான்' என்ற சொல்லும் வந்துவிடும்; சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் சாரத்தைக் கரைத்து எடுக்கும் திரவம் என்று பொருள். இயந்திரம் விற்பவர் கரியமில வாயுதான் வருங்காலம் என்பார். இன்னொருவர் தண்ணீர் போதும் என்பார். கல்லூரியிலிருந்து வந்தவர் இரண்டு திடப்பொருளைக் கலந்து திரவமாக்கும் டீப் யூடெக்டிக் என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் விவசாயிக்கு எதை நம்புவது என்று தெரியாது.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கரைப்பான் எதிலிருந்து தயாராகிறது என்பது பாதிக் கேள்விதான். வேலை முடிந்த பிறகு அதை எப்படி வெளியேற்றுவது, அல்லது வெளியேற்றாமலே விற்க முடியுமா என்பது மீதிப் பாதி. பணம் போவதும் விறகு எரிவதும் அந்த மீதிப் பாதியில்தான்.

ஹெக்சேன் ஏன் இன்னும் நிற்கிறது

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும் என்பதால் பழைய ஆளிடமிருந்து தொடங்குவோம். தவிட்டு எண்ணெயிலிருந்து செண்டுமல்லிச் சாரம் வரை பெரிய ஆலைகள் இன்றும் நம்புவது ஹெக்சேனைத்தான். பெட்ரோலியத்திலிருந்து வருவது. நம் உடல் அதை ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாற்றும். அது நரம்பைக் கெடுக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் குறைவான குளிரிலேயே தீப்பற்றும் ஆவி அதிலிருந்து கிளம்பும். இவ்வளவு கெட்ட பெயர் இருந்தும் அது விடாமல் நிற்கக் காரணம், 69 டிகிரியில் கொதித்து ஓடிவிடும் குணம். ஒரு கிலோ ஹெக்சேனை ஆவியாக்க 335 கிலோஜூல் அளவு வெப்பம் போதும்.

அதே ஒரு கிலோ எத்தனாலுக்கு, அதாவது ஸ்பிரிட்டுக்கு, 840 வேண்டும். தண்ணீருக்கு 2260.

இந்த மூன்று எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், 'தண்ணீரைவிடப் பசுமையானது எது இருக்கிறது?' என்ற வாதம் கொஞ்சம் ஆட்டம் காணும்.

தண்ணீர்: வாங்கும்போது மலிவு, காய்ச்சும்போது தெரியும்

நூறு கிலோ ஈரத்தோலை எடுத்துக்கொள்வோம். அதில் முக்கால் பங்கு ஏற்கெனவே தண்ணீர். உலர்ந்த பொருள் 25 கிலோதான். அந்த 25 கிலோவுக்கு, தோலின் ஈரத்தையும் சேர்த்துப் பத்து மடங்கு தண்ணீர் இருக்கும்படி வெந்நீரில் எடுத்தால், சுமார் 250 லிட்டரைக் கையாள வேண்டும். இதைப் பொடியாக்குவதென்றால் அத்தனையையும் ஆவியாக்கியாக வேண்டும். சூடேற்றுவதையும் சேர்த்து ஏறக்குறைய 640 மெகாஜூல். காய்ந்த விறகு, சாதாரண பாய்லர் என்று வைத்துக்கொண்டால் 65 கிலோ விறகு எரிந்துபோகும். நூறு கிலோ ஈரத்தோலுக்கு 65 கிலோ விறகு என்றால் அதில் பசுமை எங்கே இருக்கிறது?

இன்னொரு தொல்லை பெக்டின். உலர்ந்த மாந்தோலில் பத்து முதல் இருபது சதவீதம் வரை பெக்டின் உண்டு. வெந்நீர் பட்டால் அது கசிந்து வந்து சாற்றை வழவழவென்று ஆக்கிவிடும். வடிதுணியில் ஊற்றினால் முதல் குடம் இறங்கும், இரண்டாவது பாதியில் நிற்கும், மூன்றாவது துணிமேல் கூழாகத் தேங்கி நிற்கும். துணியைப் பிழிந்தால் கூழும் சேர்ந்து வரும். வடிகட்டும் தொட்டி முன்னால் நிற்கும் ஆளுக்கு அன்றைய வேலை முழுதும் அதுதான். சர்க்கரையும் கூடவே வருவதால், நம் ஊர் வெயிலில் மாலையில் மூடி வைத்த பேரல் காலையில் நுரைத்திருக்கும்.

மாங்கிபெரினே தண்ணீருக்கு அவ்வளவு இணங்கிப் போகும் பொருளும் அல்ல. சூட்டில் கரையும், ஆறினால் பெரும்பாலும் அடியில் படியும். தெரியாதவர் அதை வண்டல் என்று வடித்துக் கொட்டிவிடுவார்.

அழுத்தத்தில் தண்ணீரை 200 டிகிரி வரை சூடாக்கும் முறையும் இருக்கிறது. அந்தச் சூட்டில் தண்ணீரின் குணமே மாறும். எந்த வகைப் பொருளைக் கரைக்கும் என்பதைக் காட்டும் அதன் மின்கடத்தாப் பொருள் மாறிலி, 25 டிகிரியில் 78 ஆக இருப்பது, 35 பக்கம் இறங்கி, கிட்டத்தட்ட மெத்தனால் போல நடந்துகொள்ளும். படிக்க அழகான விஷயம். ஆனால் சர்க்கரை நிறைந்த மாந்தோலை அந்தச் சூட்டில் வைத்தால் கருகல் வாடைதான் மிஞ்சும். உலர்ந்த, சர்க்கரை இல்லாத பொருளுக்குப் பொருந்தலாம், இதற்கு வேண்டாம்.

தண்ணீருக்குச் சாதகமான ஒரு நிலைமை உண்டு. கூழ் ஆலைகள் பலவற்றில் கூழைச் சுண்டவைக்கும் வேக்குவம் எவாபரேட்டர் இருக்கிறது. பல அடுக்கு எவாபரேட்டர் ஒரே நீராவியை இரண்டு மூன்று முறை பயன்படுத்துவதால் மேலே சொன்ன விறகுக் கணக்கு பாதிக்கும் கீழே வந்துவிடும். அப்படி ஓர் ஆலையோடு கூலி ஒப்பந்தம் போட முடிந்தால் தண்ணீரை மறுபடி யோசிக்கலாம். சிக்கல் ஒன்றுதான்: தோல் வரும் அதே நாட்களில் அவர்கள் எவாபரேட்டருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது.

ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து

எத்தனால் கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வருவது, சாப்பிடும் பொருளில் அனுமதிக்கப்பட்டது, 78 டிகிரியில் கொதித்து வெளியேறுவது. இதெல்லாம் எல்லோரும் சொல்வது. மாந்தோலுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

பாலிபீனால்களுக்கும் மாங்கிபெரினுக்கும் தோதான கலவை சுத்த எத்தனால் இல்லை. பாதிக்குச் சற்று மேலே எத்தனால், மீதி தண்ணீர், 50, 60 டிகிரிச் சூடு. இப்போது ஈரத்தோல் நூறு கிலோவை எடுத்து அதன்மேல் 95 சதவீத ஸ்பிரிட் 150 லிட்டர் ஊற்றிப் பாருங்கள். தோலின் 75 லிட்டர் ஈரமும் சேர்ந்து தொட்டியில் இருப்பது 63 சதவீதக் கலவை. அதாவது தோலைக் காயவைக்கவே வேண்டாம். அதிலிருக்கும் தண்ணீரே கலவைக்குத் தேவையான தண்ணீர். ஜூன், ஜூலையில் மேகமும் தூறலுமாக இருக்கும்போது களத்தில் மாந்தோலைக் காயவைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரண்டாம் நாளே கறுத்து, மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். வெட்டிய தோலைக் கறுக்கவைக்கும் நொதியை ஸ்பிரிட் அடக்கிவிடுவதால் நிறமும் நிற்கும்.

பெக்டின் விஷயத்திலும் லாபம். எத்தனாலில் பெக்டின் கரையாது, தோலிலேயே தங்கிவிடும். வடிதுணி அடைக்காது. சாறு இறங்கிய பிறகு மிஞ்சும் சக்கையை லேசான எலுமிச்சை அமிலத் தண்ணீரில் காய்ச்சி, அந்த நீரில் ஸ்பிரிட் விட்டால் பெக்டின் திரண்டு வரும். ஒரே தோலில் இரண்டு சரக்கு.

வெப்பக் கணக்கு? மேலே சொன்ன தொட்டியில் 82 லிட்டர் தண்ணீர், 112 கிலோ எத்தனால். இரண்டையும் ஆவியாக்க சுமார் 280 மெகாஜூல். தண்ணீர் வழியில் ஆவியாக்குவதற்கு மட்டும் 565. ஏறக்குறைய பாதி. எத்தனாலைக் கண்டென்சரில் பிடித்து மறுபடி பயன்படுத்தலாம்.

பிடிக்கலாம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாற்றில் இருக்கும் ஸ்பிரிட் கண்டென்சருக்குத் திரும்பி வரும். சக்கையில் ஊறி நிற்பது தானாக வராது. உலர்ந்த தோல் தன் எடைக்குச் சமமாகவாவது ஸ்பிரிட்டைக் குடித்து வைத்திருக்கும். சக்கைக்கு நீராவி காட்டி அதையும் மீட்காவிட்டால் ஒவ்வொரு தொட்டியிலும் இருபது முப்பது லிட்டர் காற்றில் போகும். அந்தச் சக்கையை மாட்டுக்கும் போட முடியாது. இயந்திரம் விலை கேட்கும்போது சாறு எடுக்கும் தொட்டியை விடச் சக்கையிலிருந்து கரைப்பானை மீட்கும் பகுதி எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம் உரிமம். குடிக்கத்தக்க ஸ்பிரிட் என்பதால் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் கண் அதன்மேல் எப்போதும் இருக்கும். உரிமம், இருப்புப் பதிவேடு, எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய சோதனை. உரிமத் தொல்லைக்குப் பயந்து, வேறு பொருள் கலந்து குடிக்க முடியாதபடி ஆக்கிய டினேச்சர்டு ஸ்பிரிட்டை வாங்கினால் உணவுச் சரக்காக விற்க முடியாது. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் மெத்தனாலில் எடுத்த அளவுகள்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கூட்டுறவில் நடக்கும் ஒரு சிறு யூனிட்டில் மெத்தனால் பேரல் இருப்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நியாயமும் அதுதான்.

தீயும் இருக்கிறது. 70 சதவீத எத்தனால் 17 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். நம் ஊரில் பகலில் எப்போதும் அதைவிடச் சூடுதான். மோட்டார், சுவிட்ச், விளக்கு எல்லாம் தீப்பொறி வெளியே வராத பிளேம்ப்ரூப் வகையாக இருக்க வேண்டும். இந்தச் செலவைச் சேர்க்காமல் திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் உண்டு.

கிளிசரின்: வெளியேற்றவே வேண்டாம் என்ற வழி

உரிமம் கிடைக்கவில்லை, அல்லது இப்போது வேண்டாம் என்றால் எனக்குத் தோன்றும் அடுத்த வழி தாவரக் கிளிசரினும் தண்ணீரும். 290 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால் இதை ஆவியாக்கி விரட்ட முடியாது. விரட்ட வேண்டியதும் இல்லை. முகத்துக்குப் பூசும் சரக்கு செய்கிறவர்களுக்குக் கிளிசரின் எப்படியும் தேவை; அதிலேயே மாந்தோல் சாரம் இறங்கியிருந்தால் அப்படியே வாங்கிக்கொள்வார்கள். ஆவியாக்கும் செலவு இல்லை, தீ பயம் இல்லை, பாதிக்கு மேல் கிளிசரின் இருந்தால் சாறு எளிதில் கெடாது.

குறை: கெட்டியானது. சூடாக்கிக் கலக்காவிட்டால் தோலுக்குள் இறங்காது, வடிகட்டவும் நேரமாகும். ஈரத்தோலின் தண்ணீர் கிளிசரின் அளவைக் குறைத்துவிடும் என்பதால் இங்கே தோலை ஓரளவு உலர்த்தியே ஆக வேண்டும். மாத்திரை, பொடி செய்யும் கம்பெனிக்கு இது உதவாது. சந்தை சிறியது, ஆனால் முதலீடும் சிறியது.

டீப் யூடெக்டிக் கரைப்பான்களும் இதே குடும்பத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை. 2003-ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ அபாட் குழு கோலின் குளோரைடையும் யூரியாவையும் கலந்தபோது, 302 டிகிரியில் உருகும் ஒன்றும் 133 டிகிரியில் உருகும் இன்னொன்றும் சேர்ந்து 12 டிகிரியில் உருகும் திரவமாயின. பிறகு லாக்டிக் அமிலம், சர்க்கரை, பீட்டெயின் என்று செடியிலேயே இருக்கும் பொருள்களை வைத்து இதைச் செய்யத் தொடங்கினார்கள். பாலிபீனால்களை நன்றாகவே இழுக்கும். கோலின் குளோரைடு நாமக்கல் கோழித் தீவனக்காரர்களுக்குப் புதிய பொருளும் இல்லை. ஆனால் இதுவும் ஆவியாகாது, பெரும்பாலும் பிசுபிசுப்பானது. சாரத்தைத் தனியாகப் பிரிக்க ரெசின் நிரப்பிய குழாயில் ஓட்டி, கடைசியில் எத்தனால் விட்டுக் கழுவ வேண்டும். பிரிக்காமல் அழகுசாதனத்துக்கு விற்கலாம் என்றால், கோலின் உப்புகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனத்துக்குத் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. பீட்டெயின் கலவை என்றால் அந்தத் தடை இல்லை. சிறிய குழுவுக்கு இது இப்போதைக்குச் சோதனைக்கூடச் சமாச்சாரம் என்பதே என் எண்ணம்.

கரியமில வாயு

31 டிகிரி, 74 பார் அழுத்தம் இரண்டையும் தாண்டினால் கரியமில வாயு வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் ஒரு நிலைக்குப் போகும். அந்த நிலையில் அது எண்ணெய்த்தன்மை உள்ளவற்றைக் கரைக்கும். அழுத்தத்தை விட்டால் பறந்துவிடும். சரக்கில் எச்சமே இருக்காது. காபியில் கஃபீனை நீக்கும் வழிகளில் ஒன்று இது. வாயுவும் வேறு ஆலைகளின் துணைப்பொருளாக வருவதுதான். கேட்க எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 31 டிகிரி கிருஷ்ணகிரியில் இனாமாகக் கிடைக்கும், அழுத்தம் கிடைக்காது. உண்மையான வேலைக்கு 300 பார் வேண்டும். கார் டயரில் இருப்பது போல நூற்று முப்பது மடங்குக்கு மேல். அதைத் தாங்கும் பாத்திரம், பம்ப், பராமரிக்கத் தெரிந்த ஆள் எல்லாம் ஒரு சிறிய உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு எட்டாத விலை.

மாந்தோல் விஷயத்தில் அதைவிட அடிப்படையான தடை, பாலிபீனால்கள் அதில் அநேகமாகக் கரைவதில்லை என்பது. கரைய வேண்டுமென்றால் கூட எத்தனால் சேர்க்க வேண்டும். அப்புறம் அதே உரிமம், அதே பதிவேடு.

செண்டுமல்லியும் கொட்டையும்

சரி, ஓசூர், ராயக்கோட்டை பக்கம் பூ இருக்கிறதே என்று கேட்பார்கள். விலை இறங்கும் நாட்களில் செண்டுமல்லியைப் பறிக்கும் கூலிகூடத் தேறாமல் தோட்டத்திலேயே விடுவதைப் பார்க்கும் யாருக்கும் தோன்றும் கேள்விதான். அதிலிருக்கும் மஞ்சள் நிறமியான லூட்டின் எண்ணெயில் கரைவது. அறைச் சூட்டு எத்தனாலுக்கு அது சரியாகப் பிடிகொடுக்காது. ஆலைகள் பூவை ஊறுகாய்ப் புல் போல் காற்றில்லாமல் அமுக்கி வைத்து, பிழிந்து, உலர்த்தி, ஹெக்சேனில் எடுக்கின்றன. ஒரு டன் பச்சைப் பூவை உலர்த்தினால் நூறு கிலோவுக்குச் சற்று மேலே தேறும். நல்ல ரகமானால் அதில் 1 முதல் 1.5 சதவீதம் நிறமி. அதாவது ஒரு டன்னுக்கு ஒன்று, ஒன்றரை கிலோ, அதிகம் போனால் இரண்டு. அளவு பெரிதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். கரும்புச் சக்கை, சோளக்கதிர்த் தண்டு போன்றவற்றிலிருந்து செய்யும் மெத்தில்டெட்ராஹைட்ரோபியூரான் ஹெக்சேனுக்கு மாற்றாக வந்திருக்கிறது. 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் உணவுச் சாரத்துக்கு அதை அனுமதித்தது. அது பெரிய ஆலைகள் யோசிக்க வேண்டியது.

சிறியவர்களுக்கு இங்கே கரைப்பானே இல்லாத வழி இருக்கிறது. முட்டை மஞ்சள் கருவுக்கு நிறம் ஏற்ற லூட்டினைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. உலர்ந்த இதழ் மாவையே தீவனத்தில் கலக்கலாம். நாமக்கல் எத்தனை தூரம்? தீவன ஆலைக்காரர் நிறமி அளவுச் சான்று கேட்பார், ஈரம் எவ்வளவு என்று கேட்பார். நிழலில் உலர்த்தி இருட்டில் மூட்டை கட்டினால் போதும். வெயில் பட்டால் நிறம் போய்விடும்.

மாங்கொட்டைப் பருப்பில் பத்து சதவீதம் சுற்றிக் கொழுப்பு உண்டு. ஐரோப்பாவில் சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெயோடு சேர்க்க அனுமதித்த ஆறு கொழுப்புகளில் இதுவும் ஒன்று. ஆனால் செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ ஆட்டினால் பிண்ணாக்கிலேயே ஆறு ஏழு சதவீதம் தங்கிவிடும், கையில் வருவது சொற்பம். கொட்டையை உடைத்துப் பருப்பை உலர்த்தி, ஹெக்சேன் ஆலைக்கு விற்பதோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

எதை எடுப்பது

வாங்குபவர் யார் என்று தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும். மாங்கிபெரின் இத்தனை சதவீதம் என்று பொடியாகக் கேட்கும் கம்பெனி என்றால் ஸ்பிரிட் வழி. அழகுசாதனக்காரர் என்றால் கிளிசரின். இரண்டும் கையில் இல்லாமல் இயந்திரம் வாங்கப் போவது வீண்.

எந்த வழியில் போனாலும் தோலில் இருக்கும் பூச்சிமருந்து எச்சமும் கூடவே வரும். பூக்கும் காலத்திலும் பிஞ்சுக் காலத்திலும் தத்துப்பூச்சிக்கு அடித்தது தோலில்தான் தங்குகிறது. நூறு கிலோ தோல் சில கிலோ சாரமாகச் சுருங்கும்போது அந்த எச்சமும் அதே அளவில் அடர்ந்து நிற்கும். எத்தனால் பசுமையானது என்பதால் அது குறைந்துவிடாது. மாங்காய்ப் பாலில் இருக்கும், நம் சருமத்தைப் புண்ணாக்கும் பொருள்களும் எத்தனாலில் இறங்கும். முகத்துக்குப் பூசும் சரக்கு என்றால் வாங்குபவர் அதற்கும் சோதனை கேட்பார். எந்தத் தோட்டத்துப் பழம், கடைசியாக என்ன அடித்தார்கள், எப்போது அடித்தார்கள் என்ற குறிப்பு இருக்கும் தோலை ஆலையில் தனியாகப் பிடித்து வாங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே மண்டியில் பத்து ஊர்ப் பழமும் கலந்து வந்தால் அது நடக்காது.

இன்னொன்று, தோல் மூன்று மாதம்தான் வரும். மற்ற ஒன்பது மாதம் தொட்டி சும்மா கிடக்கக் கூடாது. இங்கேதான் ஸ்பிரிட் யூனிட் மற்றதை முந்துகிறது. அறுவடைக்குப் பிறகு கவாத்து செய்த மாவிலையில் தோலைவிட மாங்கிபெரின் அதிகம். தருமபுரிப் பக்கம் புளியங்கொட்டையின் மேல்தோலில் டானின் நிறைய. ஓசூர், பாலக்கோடு வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் மல்பெரி இலை இருக்கிறது. எல்லாமே எத்தனாலும் தண்ணீரும் கலந்த தொட்டியில் இறங்கும், கலவை விகிதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஆகவே உரிமம் வாங்க முடிகிற குழுவுக்கு நான் சொல்வது ஸ்பிரிட்டும் தண்ணீரும்தான், சக்கை மீட்பு வசதியோடு. முடியாத குழு கிளிசரினில் இருநூறு லிட்டர் அளவில் தொடங்கலாம். முதலீட்டுக்கு முன்னால் மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தையோ தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையோ அணுகி, உங்கள் ஆலைத் தோலிலேயே ஒரு சோதனை ஓட்டம் பார்த்துவிடுங்கள். அடுத்த ஜூனில் தோல் வாங்குவதாக இருந்தால் ஸ்பிரிட் உரிமத்துக்கான விண்ணப்பம் இந்த ஆண்டு மாங்காய் சீசன் முடியும்போதே போக வேண்டும். கட்டட வரைபடம், தீயணைப்புத் துறைச் சான்று, சேமிப்புத் தொட்டியின் அளவு எல்லாம் அதோடு கேட்பார்கள்.